மதிப்பூதியம்

சமீபத்தில் வெளியான என் கதை ஒன்றின் நாயகி ஓர் அங்கன்வாடிப் பணியாளர். அதற்காக ஒரு வாசகர் எனக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கோபமும் அப்படியே கோத்துக் கோத்து இருக்கிறது. தாம் ஓய்வு பெற்ற அதிகாரி என்று சொல்லிக்கொள்கிறார். "பால்வாடி ஆயாவுக்கெல்லாம் ஒரு கதையா?" என்று ஆரம்பிக்கிறார். பால்வாடி என்பது பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத் தானும் தூங்குகிற இடமாம். நம் கிராமத்துத் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதாம். சொல்லிக் கொடுத்தாலும் ஏறாதாம். ஆகவே இந்தக் கூடங்களையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, சத்து மாவுப் பொட்டலத்தைத் தபாலிலோ பணத்தை வங்கியிலோ போட்டுவிட்டால், வரி கட்டுகிறவர்களின் பணம் மிச்சமாகுமாம்.

இதற்கு ஒரு தபால் கார்டில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இது அந்தப் பெரியவர் ஒருவருடைய அபிப்பிராயம் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், ரயிலில், வாக்கிங் போகிற பூங்காவில், இலக்கியக் கூட்டம் முடிந்து காபி குடிக்கிற வேளையில் எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம்மைப்போல மூன்று வேளை சாப்பிடுகிறவர்கள், நாலு புத்தகம் படிக்கிறவர்கள். அதனால்தான் பதிலையும் பொதுவில் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் "தெரியாத தாய்" என்கிற இந்தப் பூதத்தைப் பார்ப்போம்.

ஆறு மாதம் முடிந்ததிலிருந்து இரண்டு வயது நிரம்பும்வரை, தாய்ப்பாலோடு கூடக் குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும், எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்பதற்குக் கணக்குகள் இருக்கின்றன. 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, இந்த வயதுக் குழந்தைகளில் எத்தனை பேருக்குப் போதுமான உணவு கிடைக்கிறது என்று பார்த்தது. நூற்றுக்குப் பதினொன்று. அச்சுப் பிழை இல்லை, பதினொன்றுதான். மீதி எண்பத்தொன்பது குழந்தைகளும் குடிசையில் பிறந்தவையா? இந்த நாட்டில் நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் பரம ஏழைகள் என்று அந்த ஓய்வு பெற்ற அதிகாரியே ஒப்புக்கொள்ளமாட்டார். அப்படியானால் அந்த எண்பத்தொன்பதில் நம் வீட்டுக் குழந்தைகளும் இருக்கின்றன. குளிர்பதனப் பெட்டி இருக்கிற வீட்டில், சுவரில் பட்டப் படிப்புப் புகைப்படம் தொங்குகிற வீட்டில், பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டிவிட்டு, "குழந்தை வேறொன்றும் தொடமாட்டேன் என்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே, நம் வீட்டுக் குழந்தைகள்தான்.

கிராமத்துக் கிழவி பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கிறாள், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறாள், கழுதைப் பால் கிடைக்குமா என்று தேடுகிறாள் என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறந்த ஒரு மணிக்குள் தாயின் மார்பில் குழந்தையைப் போட வேண்டும், முதலில் சுரக்கிற மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது, ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பது சரியான வைத்திய உபதேசம். கிழவி அதை மீறுகிறாள், உண்மைதான். ஆனால் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்துகொண்ட தாய் கண் விழிக்கும் முன்பே குழந்தையின் வாயில் டப்பாப் பால் புகட்டுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? கிழவி செய்தால் மூடநம்பிக்கை, நர்ஸ் செய்தால் விஞ்ஞானமா? தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆபரேஷன் மூலம் நடப்பதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. டப்பாப் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் படிப்பறிவில்லாத கிழவியைத் தடுக்கப் போட்டது அல்ல. படித்தவன் விற்கிறான், படித்தவன் வாங்குகிறான்; அதைத் தடுக்கப் போட்டது. பிறகு, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் பாலில் ஒரு பழுப்பு மாவைக் கரைத்துக் கொடுத்து, அது உயரமாகும் என்று நம்புகிறோமே? 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிகர்களைக் கூப்பிட்டு, அந்த மாதிரிப் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற வரிசையிலிருந்து எடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. அவ்வளவு வருஷம் அதை ஆரோக்கியம் என்று நம்பிக் குடித்தது யார்? கொட்டகையில் மாடு கட்டியிருக்கிற பாட்டியா?

ஆகவே அறியாமையைக் கிராமத்துத் தாய்க்குத் தனிச் சொத்தாகப் பட்டா போட்டுக் கொடுக்க வேண்டாம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் வீட்டில் தப்புச் செய்தாலும் குழந்தை எப்படியோ தப்பித்துக்கொள்ளும். பால் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், சுத்தமான தண்ணீர் இருக்கிறது. அந்த வீட்டில் அதே தப்புக்கு விலை அதிகம்.

கடிதக்காரர் கேட்கலாம்: "அந்தத் தாய்க்கு என்னதான் கஷ்டம்? அரிசி ரேஷனில் கிடைக்கிறதே!" அரிசி கிடைக்கிறது. சங்கடம் அரிசியில் இல்லை, வயிற்றின் அளவில் இருக்கிறது. எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு டம்ளர் கொள்ளும். கூடப் போனால் இன்னும் கொஞ்சம். அந்த டம்ளரை வடித்த கஞ்சியால் நிரப்பினால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும். தாய்க்கும் திருப்தி. ஆனால் அந்தக் கஞ்சியில் முக்கால்வாசி தண்ணீர். வயிறு நிறைந்திருக்கிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது. அதே டம்ளரில் குழைந்த சோறும், மசித்த பருப்பும், ஒரு சின்னக் கரண்டி எண்ணெயும் போனால் கதையே வேறு. ஒரு சின்னக் கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 45 கலோரி இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கிற எட்டு மாதக் குழந்தைக்கு வெளியுணவிலிருந்து ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 200 கலோரி. ஒரே ஒரு கரண்டி எண்ணெய், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது! இதைச் சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. சின்ன வயிறு என்பதால் அடிக்கடி ஊட்ட வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளையும் நடுவில் ஏதாவதும் கொடுக்க வேண்டும். செங்கல் சூளைக்கோ நூறு நாள் வேலைக்கோ காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிற பெண் எந்த நாலு வேளையில் ஊட்டுவாள்? வீட்டில் இருப்பது மாமியார். அல்லது ஏழு வயது அக்கா. ஆக, புத்தி சொல்ல வேண்டிய ஆள் தாயே அல்ல. யாரிடம் சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் அவர் கிடைப்பார் என்பது அந்தத் தெருவைத் தெரிந்தவளுக்குத்தான் தெரியும். தபாலில் வருகிற பொட்டலத்துக்குத் தெரியாது.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் இந்த வேலை நடப்பதை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பணியாளருக்கு நாற்பது வயது இருக்கும். ஊரில் 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் இருந்த பாட்டி, பேரனுக்கு முட்டை கொடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"முட்டை குடுத்தா மாந்தம் வரும் டீச்சரு. நான் ஆறு பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

டீச்சர் எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை. "ஆமாம் பெரியம்மா, நீங்க பார்க்காததா?" என்று ஆரம்பித்தாள். பாட்டியின் முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்ச நேரம் விசாரித்தாள். பிறகு, "முழுசாக் குடுக்க வேணாம். வேகவெச்ச மஞ்சக் கருவுல கால்வாசி. சோத்துல மசிச்சு ஒரு வாய். மாந்தம் வந்தா நாளைக்கு என்னையத் திட்டுங்க. நான் காலைல வர்றேன்" என்றாள்.

மறுநாள் காலை போனாள். நானும் போனேன். பாட்டி திட்டவில்லை. "அரை வெச்சேன், முழுங்கிட்டான்" என்றாள், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. டீச்சர் அந்தப் பெருமையைப் பாட்டியிடமே விட்டுவிட்டு வந்தாள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். மனித மனசை மாற்றுகிற சாமர்த்தியம் எனக்கு இருப்பதாக நாலு பேர் மேடையில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திண்ணையில் பார்த்த சாமர்த்தியம் என் புத்தகம் எதிலும் இல்லை. அவளுடைய முழுத் தந்திரமும் "நாளைக்கு வர்றேன்" என்பதில் இருந்தது. வந்தாள் என்பதில் இருந்தது. சுவரொட்டி நாளைக்கு வராது. வானொலி உபதேசம் வரும், ஆனால் "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்காது.

இதெல்லாம் மனசை உருக்குகிற கதை, நாட்டுக்கு உதவாது என்று தோன்றினால், கொஞ்சம் பழைய சரித்திரம் சொல்கிறேன். இது நம் ஊர்ச் சரித்திரம். நம் ஆட்களே மறந்துவிட்டார்கள்.

மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி வட்டாரம். 1980-ல் அங்கே ஒரு பரீட்சை ஆரம்பமாயிற்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று பெயர். பணம் உலக வங்கிக் கடன். பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவி, கிராமங்களில் சுமார் 9,000 மையங்கள் ஆயின. உலக வங்கி என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி உண்டு; ஆனால் இந்தத் திட்டத்தின் மூளை அழகானது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளைக் கையில் எடுத்தார்கள். மாதா மாதம் ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டார்கள். மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பது பெரிதல்ல. மெலிந்த குழந்தை யார் கண்ணுக்கும் தெரியும். போன மாதத்திலிருந்து இந்த மாதம் எடை ஏறியிருக்கிறதா, நின்றுவிட்டதா? அதைத்தான் பார்த்தார்கள். நின்றுவிட்டால், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும், அபாயம். அந்தக் குழந்தைக்குத் தொண்ணூறு நாள் ஒரு சத்துருண்டை. எடை தேறிவிட்டால் உருண்டை நின்றுவிடும். எல்லாருக்கும் எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. உருண்டையும் சின்னது, வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. தாயை உட்காரவைத்து அட்டையில் கோட்டைக் காட்டி, "பார், போன மாதம் இங்கே, இந்த மாதமும் இங்கேயே. ஜுரம் வந்ததா? வயிற்றால் போயிற்றா? யார் ஊட்டுகிறார்கள்?" என்று கேட்டார்கள்.

கேட்டவர்கள் யார் தெரியுமா? அதே ஊர்ப் பெண்கள். எப்படிப் பொறுக்கினார்கள் என்பது இன்னும் ருசியான விஷயம். ஏழையாக இருந்தும் தன் குழந்தைகளை நோஞ்சானாக விடாமல் வளர்த்திருக்கிற தாய் ஒருத்தி கிடைத்தால், அவளுக்கு முதல் சலுகை. அவளிடம் பேச்சைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. அது இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. "உனக்கென்ன, நீ சொல்லுவே!" என்று எந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் அவளிடம் சொல்ல முடியாது.

பலன்? திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடு சொல்கிறது. அதில் எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு காலம் மாறியதால் என்று நிபுணர்கள் சண்டை போட்டார்கள். போடட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஒரு விஷயம் நிச்சயமாயிற்று: கிராமத்துப் பெண்ணின் கையில் ஒரு தராசையும் ஓர் அட்டையையும் கொடுத்தால், அவள் அதை வைத்துக்கொண்டு காரியம் செய்வாள். மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்ற ஊரில் ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே என்ற டாக்டர் தம்பதி இதையே 1970-லிருந்து செய்து காட்டினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது; ஒடுக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசவமும் பார்த்தார்கள், குழந்தைகளையும் பார்த்தார்கள். "சொன்னாலும் ஏறாது" என்கிற சித்தாந்தத்துக்கு ஜாம்கேட்டில் இடமில்லை.

இன்னொரு பக்கமும் நியாயம் பேச வேண்டும். புத்தி சொல்வதே போதும் என்று நினைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களும் எனக்கு வேண்டாதவர்களே. வீட்டில் பருப்பு வாங்கக் காசில்லாதவளிடம் போய்ப் பருப்பின் மகிமையைப் பிரசங்கம் செய்வது கொடுமை. அதைவிடச் சும்மா இருக்கலாம். தமிழ்நாட்டில் டீச்சரின் பேச்சு எடுபடுவதற்கு ஒரு காரணம், அவள் கையில் முட்டை இருக்கிறது, சத்துமாவு இருக்கிறது. 1956-ல் காமராஜர் பள்ளியில் மதிய உணவு போட்டார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்தார். அதற்கு முன்னால் 1920-லேயே சென்னையில் நீதிக் கட்சிக்காரர்கள் மாநகராட்சிப் பள்ளியில் சோறு போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் நம்மைப்போன்றவர்கள், "பிச்சைக்காரப் புத்தி வந்துவிடும்" என்றுதான் சொன்னோம். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். சிலர் அதிகாரிகளாகி ஓய்வும் பெற்றிருப்பார்கள். வேறு மாநிலங்களில் முட்டை என்ற சொல்லே சண்டைக்குக் காரணமாகிறது. 2015-ல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்று யோசனை வந்தபோது, அந்த மாநில முதலமைச்சரே அதை நிராகரித்துவிட்டார். அந்தக் குழந்தைகளின் வீட்டில் முட்டை சாப்பிடுவார்களா என்று அந்தக் குழந்தைகளின் வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாமும் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம் அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தது. பிறகு போராட்டம் நடந்த பின்புதான் அந்த உத்தரவு ரத்தாயிற்று. சத்தான உணவு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் போதும். யார் கையால் வந்தால் அது உணவு என்பதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை டீச்சர் வேண்டுமோ!

இவ்வளவும் செய்கிற தமிழ்நாட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருக்கிறது என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தியா முழுவதற்கும் பார்த்தால் மூன்றில் ஒன்றுக்கு மேல். ரத்தச் சோகையோ நம் மாநிலத்திலேயே பாதிக் குழந்தைகளுக்கு மேல். குட்டையாக இருந்தால் என்ன, என் தாத்தாகூடக் குட்டைதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. உயரம் ஒரு அடையாளம், அவ்வளவுதான். எலும்பு வளராத காலத்தில் மூளையும் பட்டினி கிடந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. உலகத்தில் ஐந்து வயதுக்குள் சாகிற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிச் சாவுகளுக்குப் பின்னால் ஊட்டக் குறைவு நிற்கிறது. சான்றிதழில் நிமோனியா என்றோ வயிற்றுப்போக்கு என்றோதான் எழுதியிருக்கும்.

ஏன் இன்னும் இந்த நாலில் ஒன்று? இங்கேதான் கடிதக்காரருக்கும் எனக்கும் நிஜமான சண்டை. மூன்று வயதுக் குழந்தை நடந்து அங்கன்வாடிக்கு வந்துவிடுகிறது. சோறும் முட்டையும் சாப்பிடுகிறது. ஆனால் சேதம் நடக்கிற வயது அது அல்ல. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் அது நடந்து முடிந்துவிடுகிறது. அந்தக் குழந்தை அங்கன்வாடியில் இல்லை. தூளியில் இருக்கிறது, பாட்டி மடியில் இருக்கிறது. அதைத் தேடி யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். போக வேண்டியவள் டீச்சர். ஏன் போகவில்லை?

அவளுடைய ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும். மத்தியானம் சாப்பாடு. சமையலுக்கு ஓர் உதவியாளர் உண்டு; சில மையங்களில் அந்த இடம் காலி, அன்றைக்கு டீச்சரே சமையலும். நடுவில் தடுப்பூசி நாள், கர்ப்பிணிகளின் பதிவு, சத்துமாவுக் கணக்கு. வாக்காளர் பட்டியல் திருத்தமா? கூப்பிடு டீச்சரை. ஏதோ ஒரு கணக்கெடுப்பா? கூப்பிடு டீச்சரை. வரிசையாகப் பதிவேடுகள். பதிவேட்டுப் பாரத்தைக் குறைக்கிறோம் என்று 2021-ல் போஷன் டிராக்கர் என்று கைப்பேசிச் செயலி ஒன்று வந்தது. அந்த வருஷமே மகாராஷ்டிரத்துப் பணியாளர்கள் கைப்பேசியும் சரியில்லை, செயலி இங்கிலீஷில் இருக்கிறது என்று சொல்லி, சர்க்கார் கொடுத்த கருவிகளையே திருப்பி ஒப்படைத்துப் போராடினார்கள். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற சத்துமாவுக்குத் தாயின் முகத்தைப் படம் பிடித்து, முன்பு பதிந்த முகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம். டீச்சருக்கு அந்தத் தாயைப் பத்து வருஷமாகத் தெரியும், பூப்பெய்தியதிலிருந்து தெரியும். ஆனால் யந்திரத்துக்குத் தெரிய வேண்டுமாம்! சமிக்ஞை வருகிற மேடு தேடிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம், ஒரு பாட்டியின் திண்ணையில் உட்கார வேண்டிய நேரம். திருட்டைத் தடுக்கத்தானே என்பீர்கள். தடுக்க வேண்டியதுதான். சத்துமாவு மூட்டை லாரியோடு காணாமல் போகிற இடத்தில் யாருடைய முகத்தைப் படம் பிடிக்கிறார்கள்?

இதற்கெல்லாம் சம்பளம் என்ன? சம்பளம் என்று சொல்லக் கூடாது. 'மதிப்பூதியம்.' அழகான சொல்! யாரோ தமிழ் படித்தவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். 1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், முப்பத்துமூன்று வட்டாரங்களில் இந்த அங்கன்வாடித் திட்டம் ஆரம்பித்தபோது, ஊர்ப் பெண் கொஞ்ச நேரம் சேவை செய்வாள், அவளுக்கு மரியாதைக்காக ஏதாவது கொடுப்போம் என்பது நினைப்பு. கொஞ்ச நேரம் முழு நாளாகிவிட்டது. மரியாதை மட்டும் அதே அளவில் நிற்கிறது. 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் தன் பங்கை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. உதவியாளருக்கு 1,500-லிருந்து 2,250. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன, தமிழ்நாடும் சேர்க்கிறது. 2006-ல் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது சட்டப்படியான பதவியே அல்ல என்றது. பதினாறு வருஷம் கழித்து, 2022 ஏப்ரலில், அதே நீதிமன்றம் 1972-ம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதாவது, கிழவியாகி வெளியே போகும்போது ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். கடிதக்காரர் ஓய்வூதியத்தில் இருந்துகொண்டு எனக்கு எழுதியதால், இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வேலை செய்யாமல் தூங்குகிற டீச்சர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். தூங்குகிற டாக்டர்கள் இல்லையா, தூங்குகிற என்ஜினீயர்கள் இல்லையா? தூங்குகிற எழுத்தாளர்களை எனக்கே ஏழெட்டுப் பேரைத் தெரியும். ஒரு டாக்டர் தூங்கினார் என்பதற்காக ஆஸ்பத்திரியை மூடச் சொல்லி யாரும் கடிதம் எழுதுவதில்லை. மாதம் சில ஆயிரம் வாங்குகிற பெண் கண் அயர்ந்தால்தான் நமக்கு வரிப் பணம் ஞாபகத்துக்கு வருகிறது.

வரிப் பணம் என்ற பேச்சு வந்ததால் கணக்கோடு முடிக்கிறேன். மூடிவிடு என்கிறார் அவர். இன்னோர் ஆளைப் போடு என்கிறேன் நான். இது என் சொந்த ஆசை அல்ல. பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில், குலுக்கல் முறையில், அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண்ணை அமர்த்தினார்கள். அவளும் அக்கம்பக்கத்துப் பெண்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது அவள் பொறுப்பு. மிச்சமான நேரத்தில் பழைய டீச்சர் மற்ற வேலைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் பாடம் கேட்ட நேரம் இரண்டு மடங்காயிற்று. கணக்கிலும் மொழியிலும் தேறினார்கள். அதோடு, தொடர்ந்து வந்த பிள்ளைகளிடம் குட்டைத் தன்மையும் கடுமையான ஊட்டக் குறைவும் குறைவாக இருந்தன. 2024-ல் பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகையிலேயே அது வெளிவந்துவிட்டது. புதிய மாவு கண்டுபிடிக்கவில்லை; புதிய யந்திரம் வாங்கவில்லை. ஒரு பெண்ணைக் கூடச் சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இன்னொருத்தி என்றால் செலவு ஆகும்தான். அந்த இன்னொருத்தி வந்தால், பகல் பதினோரு மணிக்குப் பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டு டீச்சர் தெருவில் இறங்கலாம். சூளைக்குப் போனவளின் வீட்டில் அந்த நேரம் பாட்டி கஞ்சி வடித்துக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும்.